மாவு இனிப்பு

நான் அந்த அக்காவோடு வேலை பார்த்த ஒன்றரை வருடத்தில், அவர் எதைப் பற்றியும் "பரவாயில்லை" என்று சொல்லிக் கேட்டதில்லை. நல்லா இருக்கு என்பார். நல்லா இல்லை என்பார். தெரியலை என்பார். மற்றவர்களெல்லாம் சௌகரியமாகக் குடியிருக்கும் அந்த நடு இடத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. வாய்த்துடுக்கு என்று தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அவர் மேல் இல்லை.

எங்கள் மம்பாவுக்கு அப்பால் இருக்கும் தொழிற்பேட்டையில் சின்னத் தொழிற்சாலை அது. சீனித்துளசி இலையிலிருந்து இனிப்பு எடுத்துப் பொடியாக்கி விற்பார்கள். டிப்ளோமா முடித்துவிட்டு நான் அங்கே பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அக்கா அதே கூடத்தில் குவளைகள் கழுவ வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நிறுவனம் கொடுத்த காலர் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுவை பார்க்கும் மேசையில் வந்து உட்காருவார். அந்த அரை மணி நேரம் மட்டும் மேலாளர் முதற்கொண்டு எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அவர் நாக்கை முதலில் கண்டுபிடித்தது தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர். லிங்கி பக்கத்துத் தோட்டத்தில், மறுநடவு செய்த இளம் செம்பனை மரங்களுக்கு இடையில் சீனித்துளசி போட்டிருந்தார்கள். அக்கா அங்கேதான் முதலில் இலை பறித்தார். பறிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றிரண்டு இலையை வாயில் போட்டு மெல்வது வழக்கம். அக்கா ஒரு வரிசையில் மட்டும் மென்றதைத் துப்பிவிட்டு, "மண்டோர், இந்த வரிசைய சேக்காதீங்க, கசப்பு ஏறிடுச்சு," என்றாராம்.

"இந்த எலைன்னா கடைசியில கசக்கத்தான்லா செய்யும். நீ என்ன டாக்டரா?"

"கசக்கும். இது ரெண்டு மடங்கு கசக்குது. பூ வச்சிருச்சு, குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தால் நுனியில் சின்னச் சின்ன வெள்ளை மொட்டு. பூக்க ஆரம்பித்த செடியின் இலையில் கசப்பு கூடும் என்பதை நான் பாடத்தில் படித்ததோடு சரி. இலையை மென்று என்னால் சொல்ல முடியாது. பல தடவை முயன்று பார்த்திருக்கிறேன். அந்த மண்டோர் சொல்லித்தான் அக்காவைத் தொழிற்சாலைக்கு எடுத்தார்கள்.

"எப்படிக்கா உங்களுக்கு மட்டும் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பதினோரு வருசமா சீனி தொடல தங்கச்சி. எனக்கு இனிப்பு நீர் வியாதி. கல்யாண வீட்டு கேசரியக்கூட பாத்துட்டு வந்துருவேன். நாக்கு சும்மா கெடக்குதுல்ல, அதான் சின்னதும் பெருசா தெரியுது."

மேசையில் உட்காரும் மற்ற ஐந்து பேர் கொடுத்ததை விழுங்கிவிடுவார்கள். அக்கா விழுங்க மாட்டார். வாயில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கசப்பு எத்தனையாவது நொடியில் வருகிறது, எத்தனையாவது நொடியில் போகிறது என்று சொல்லிவிட்டு, அதற்கென்று வைத்திருக்கும் குவளையில் துப்புவார். ஆய்வகக் கருவி பிறகு சொல்வதும் அவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். அவரை மறுபடி கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அவரோடு வெளியே சாப்பிடப் போவதென்றால் எனக்குப் பயம். புக்கிட் பெலண்டோக் பக்கம் அவர் குடியிருந்த தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. அங்கே திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். விருந்தில் கோழிக் குழம்பு. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி ஒருவர்தான் விருந்துக் குழுத் தலைவர். ஒவ்வொரு மேசையாக வந்து, "நாப்பது தேங்கா. பூராவும் நம்ம பொம்பளைங்க கையால துருவுனது," என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "பெட்டிப் பாலு," என்றார்.

"என்னம்மா சொல்ற? ராத்திரி முழுக்க துருவியிருக்காங்க!"

அக்கா எழுந்து சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனார். தேங்காய்ப்பால் பெட்டி ஒன்றைக் கையில் கொண்டுவந்து கிராணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். மேசையே சிரித்தது. கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்குறியே. நல்லா இல்லன்னா சாப்பிடாம போக வேண்டியதுதானே?"

"நல்லா இல்லன்னு நான் சொன்னேனா? நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க. துருவுனோம்னு மட்டும் சொல்லாதீங்க."

எனக்கு அன்று கூச்சமாக இருந்தது. பெரியவரை நாலு பேர் முன்னால் இப்படிச் செய்திருக்க வேண்டாமே என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். நான் அப்படி வளர்ந்தவள். யாராவது சத்தம் போட்டுப் பேசினால், தப்பு அவர்கள் பக்கம்தான் என்று முதலில் தோன்றும்.

நடந்தது புரிய வேண்டுமானால் அந்தத் தொழிற்சாலையின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனித்துளசி இனிக்கும், ஆனால் இனிப்பு போகும்போது ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும். அதைப் போக்க, இலைச் சாற்றோடு மரவள்ளி மாவுக் கரைசலைக் கலந்து அதில் நொதி போடுவோம். நொதி மாவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றைக் கொண்டுபோய் இலையின் இனிப்போடு ஒட்ட வைக்கும். ஒட்டிவிட்டால் கசப்பு அடங்கிவிடும். பிறகு சூடேற்றினால் நொதியின் வேலை நின்றுவிடும். ஆனால் வெட்டிய துண்டுகள் எல்லாமே ஒட்டுவதில்லை. மிச்சம் சாற்றிலேயே கிடக்கும். அந்த மிச்சம் நம் வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் மாறும். அதனால் சாற்றை உயரமான குழாய் ஒன்றுக்குள் விடுவோம். உள்ளே நிரப்பியிருக்கும் மணிகள் இலையின் இனிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவினால் மாவு போய்விடும். அதற்குப் பிறகுதான் இனிப்பை எடுத்து உலர்த்திப் பொடியாக்க வேண்டும். கழுவ ஒரு முழு ஷிப்ட் ஆகும். தண்ணீரும் நிறையப் பிடிக்கும்.

ஒரு வாரம் தண்ணீர் வெட்டு வந்தது. ஆர்டர் காத்துக்கொண்டிருந்தது. மேலாளர், குழாயை விட்டுவிட்டுச் சாற்றை நேராக உலர்த்தச் சொன்னார். "இந்த ஒரு தடவைதான்மா, சாம்பிளுக்கு," என்றார். பொடி வழக்கத்தைவிடப் பல மடங்கு கிடைத்தது. வாயில் வைத்தால் கசப்பே இல்லை. தண்ணீர் திரும்பி வந்தது. சாற்றைப் பழையபடி குழாயில் விட்டுக் கழுவும்படி யாரும் சொல்லவில்லை. சீனிக்குப் பதிலாகக் கரண்டிக்குக் கரண்டி போட்டுக்கொள்ளலாம் என்று புதுப் பொட்டலம் அடித்தார்கள். முன்பக்கத்தில் பச்சை இலை. அதற்குக் கீழே, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஏற்றது என்று மூன்று மொழியில்.

அந்தப் பொடி முதல் தடவை சுவை மேசைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்து பேரும் தலையாட்டினார்கள். மேலாளர், எங்களுக்கெல்லாம் போஸ், அக்காவிடம் வந்தார்.

"கசப்பு இருக்காக்கா?"

"இல்ல."

"இனிப்பு?"

"நல்ல இனிப்பு."

"அப்ப பாஸ்!"

"பாஸ் இல்ல, போஸ். இது எல இனிப்பு இல்ல, மாவு இனிப்பு. எல இனிப்பு மெதுவா வரும், ரொம்ப நேரம் நிக்கும். இது சீனி மாதிரி டக்குனு வந்து டக்குனு போகுது. உதட்ட தொட்டுப் பாருங்க, கஞ்சித்தண்ணி குடிச்ச மாதிரி பிசுபிசுங்குது. இத விழுங்கக் கூடாது."

"நல்லா இருக்குன்னும் சொல்றீங்க, கூடாதுன்னும் சொல்றீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலியே."

"நல்லா இருக்கு. அதான் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுவைக்கென்று எங்களிடம் ஒரு பாரம், அச்சடித்த படிவம், உண்டு. அதில் மூன்றே கட்டங்கள். கசப்பு, இனிப்பு, வாசனை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. குறிப்பு எழுத ஒரு வரிகூடக் கிடையாது. அக்கா தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பாரம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் நான் வாசித்துக் காட்டுவேன், அவர் எண்ணைச் சொல்வார், நான் வட்டம் போடுவேன். அன்று அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பாரத்தின் ஓரத்தில் தமிழில் எழுதினார்: "இது மாவு இனிப்பு. சீனி வியாதிக்காரங்க சாப்பிடக் கூடாது." கீழே கையெழுத்தும் போட்டார்.

மேலாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். "இத ஆடிட்காரங்க பாப்பாங்கம்மா. ஓரத்துல தமிழ்ல கிறுக்கி வச்சிருந்தா என்ன நெனப்பாங்க? புது பாரத்துல சுத்தமா எழுதிக் குடுத்துடு."

எழுதிக் கொடுத்தேன். கசப்பு, பூஜ்யம். இனிப்பு, ஐந்து. வாசனை, நான்கு. அவர் சொன்ன குற்றம் என் கை வழியாகப் பாராட்டாக மாறியது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதுவே நடந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் எழுதினார். நான் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக எழுதினேன். ஒன்பது பாரங்கள். மாவுத் துண்டை அளக்கும் சோதனை எங்கள் கூடத்திலேயே இருந்தது. அதைச் செய் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. எழுதித் தராததைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பழைய தாள்களைக் கிழித்துவிடச் சொன்னார்கள். கிழிக்கவும் பயமாக இருந்தது, ஒரு கோப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டேன். அதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எதையும் தூக்கி எறியப் பயப்படுகிற புத்தி எனக்கு.

அப்போது எனக்கு ஆறாவது மாதம். கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்துவிட்டு, எனக்கும் இனிப்பு நீர் என்றார்கள், கர்ப்பத்தில் வருவது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினையும், எண்களை எழுதி வைக்க ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுத்தார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றை அளந்து போட்டேன். பழத்தை விட்டேன். சீனியை நிறுத்தினேன். எங்கள் பொடிதான் இருக்கிறதே என்று காலையும் மாலையும் தேநீரில் அதைப் போட்டுக் குடித்தேன். ஊழியர்களுக்கு இலவசம்.

எண்கள் இறங்கவில்லை, ஏறின. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, ஒளிஞ்சு ஒளிஞ்சு கேக்கு சாப்பிடுறீங்களா? அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான்," என்றார். வீட்டில் அத்தை, "ரெண்டு உசுரு இருக்கிற ஒடம்பு. வாயக் கட்ட முடியலன்னா சொல்லிடு," என்று சொல்லி, சீனி டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் வைத்துக்கொண்டார். தூக்கக் கலக்கத்தில் எதையாவது தின்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது.

அக்கா எழுதியதை ஒன்பது தடவை படித்தவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும். தோன்றியது. ஒரு மாலை தேநீரைக் கலக்கும்போது தோன்றியது. கலக்கிக் குடித்துவிட்டேன். அது உண்மையென்றால் நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதை நினைக்காமல் இருப்பது அப்போது சுலபமாக இருந்தது.

ஒருநாள் வேலை இடைவேளையில் அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி போடுற தேத்தண்ணியில?"

"நம்ம பொடிதான்க்கா."

குவளையை என் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் கொட்டினார். "நான் எழுதுனத நீதானே படிச்ச? வயித்துப் புள்ளக்காரி நீ."

அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இதோ, இங்கேருந்துதான் ஏறுது. பொட்டலம் எப்பக் குடுத்தாங்க?"

தேதியைப் பார்த்தேன். அதே வாரம்தான்.

"கொண்டுபோய் போஸ்கிட்ட காட்டுலா."

"கொஞ்ச நாள் பாப்போம்க்கா. வேற எதாச்சுமா இருக்கலாம்."

"வேற என்ன?"

நான் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவர் குவளை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் சுவை மேசைக்கு வந்தபோது கையில் கறுப்புத் தேநீர் இருந்தது. மேலாளர், மற்ற ஐந்து பேர், நான், எல்லோரும் இருந்தோம். "காலையில ஒண்ணும் பசியாறாம வந்திருக்கேன். எல்லாரும் பாத்துக்குங்க," என்றார். என் மெஷினைக் கேட்டார். குத்தினார். ஏழு மில்லிமோல், அவர் வியாதிக்கு வெறும் வயிற்றில் சாதாரண எண். பொடியை நாலு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"அக்கா, வேணாம்," என்றேன்.

துப்பும் குவளையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, தேநீர் முழுவதையும் குடித்தார். அவர் விழுங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிறகு போய்த் தன் வேலையைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து வேறு விரலில் குத்தினார். பன்னிரண்டு. மெஷினைக் கொண்டுபோய் மேலாளர் முன்னால் வைத்தார்.

"பாரத்துல இத எழுதறதுக்கு எங்க கட்டம் இருக்கு, காட்டுங்க."

அன்று பிற்பகல் அலுவலகத்தில் விசாரணை. மேலாளரும் நிர்வாகப் பிரிவு அம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள், கர்ப்பிணி என்று.

"இவங்க பசியாறலன்னு சொல்றாங்க. வீட்லயே ரொட்டி சானாய் தின்னுட்டு வந்திருந்தா? நீயும் அதே கம்பெனி பஸ்லதானேம்மா வர்ற. இவங்க ஒண்ணும் சாப்பிடலன்னு நீ பாத்தியா?"

பஸ் அவரை ஏற்றிக்கொண்ட பிறகுதான் மம்பாவில் நான் ஏறுவேன். அவர் வீட்டில் சாப்பிட்டாரா இல்லையா என்று நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"பாக்கல," என்றேன்.

அது உண்மை. அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடப் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லி ஒருவரைக் கைவிட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் தின்றது பத்து மணிக்கு மேல் இப்படி ஏறாது என்று படித்த எனக்குத் தெரியும். பத்து மணிக்கு ஏழு, பதினொரு மணிக்குப் பன்னிரண்டு. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். என் கைப்பையில் எனக்கே ஏறிய எண்கள் ஒரு மாதத்துக்கு இருந்தன. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துச் சொன்னார், "தங்கச்சி சொன்னது சரிதான். அவ பாக்கல. அவ பாத்தது வேற இருக்கு. அத கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. நான் குனிந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடல்நலக் காரணத்தால் சுவை மேசைக்குத் தகுதியில்லை என்று அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பதினோரு வருடமாக இருக்கும் இனிப்பு நீர் அன்றைக்குத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! அந்த நோய் இருந்ததால் கூர்மையான நாக்கை ஒன்றரை வருடம் வைத்து வேலை வாங்கிவிட்டு, அதே நோயைக் காரணம் காட்டி அனுப்பினார்கள். கழுவும் வேலைக்கும் வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். அக்கா தொட்டியில் மிச்சமிருந்த குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் பொடியை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் எண்கள் இறங்கின. மிஸ்ஸி முதுகில் தட்டி, "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுதுல்ல," என்றார். அத்தை சீனி டின்னை அடுப்படிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்காவின் வேலை போய் எனக்கு நல்ல பெயர் வந்தது.

மகள் பிறந்ததும் அவளுக்கு இரத்தத்தில் சீனி குறைவு என்று இரண்டு நாள் தனியாக வைத்திருந்தார்கள். அந்தக் குதிகாலில் மறுபடி மறுபடி குத்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொடியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இனிப்பு நீர் உள்ள தாய்மார்களின் பிள்ளைகள் பலருக்கும் வருவதுதான் என்றார். நல்ல மனிதர். அவள் இப்போது ஓடுகிறாள், ஏறுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். குளிப்பாட்டும்போது அவள் குதிகாலை இன்னும் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன். வேலைக்கு நான் திரும்பிப் போகவில்லை.

போன மாதம் அவளைச் சோதனைக்காகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், இடது காலில் பெரிய கட்டு. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார். பையிலிருந்து அந்தப் பச்சை இலைப் பொட்டலத்தை எடுத்து மூன்று கரண்டி போட்டார்.

"மக வாங்கித் தருது. இதுல சீனியே இல்லலா, பயமில்லாம குடிக்கலாம்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, அத குடிக்காதீங்க. அதுல..."

"எழுதியே இருக்கேம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனார். மகளின் முறை அடுத்து வந்துவிட்டது. வெளியே வந்தபோது அவர் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கார்க் கதவைப் பலமாகச் சாத்தினேன். மகள் பயந்து அழுதாள்.

அன்று மாலையே சுகாதார இலாகாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கிளினிக் புத்தகத்தையும் அக்காவின் ஒன்பது பாரங்களையும் எடுத்து வைத்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேல? புள்ளைய பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"புள்ளையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றேன்.

அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் காட்ட வேண்டும் என்று சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். செம்பனை நாற்றுப் பண்ணையில், கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"புள்ள நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காக்கா."

"வந்தது நல்லதுதான். ரொம்ப லேட்டு," என்றார். "படி."

படித்தேன். மண் கையோடு நின்றபடியே கேட்டார். மாவு நீக்கப்படவில்லை என்று நினைக்கிறேன் என்ற வரியில் நிறுத்தினார்.

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப தெரியும்னு எழுது."

அடித்து எழுதினேன். மேலே படித்தேன். சுவைக் குழுவில் இருந்த ஒரு தொழிலாளி இதைச் சுட்டிக்காட்டினார் என்ற இடத்தில் மறுபடி நிறுத்தினார்.

"ஒரு தொழிலாளின்னா யாரு?"

"நீங்கதான்க்கா. உங்களுக்கு ஏதும் தொந்தரவு வந்துடக் கூடாதுன்னு..."

"எனக்கு வரவேண்டியது வந்து போயிருச்சு. அது என் வாயில பட்டது. என் வெரல்ல குத்துனது. எவளோ ஒருத்தின்னு எழுதுறியே!" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாயில் கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினார். என் மோட்டார் சைக்கிள் இருக்கையின் மேல் கடிதத்தை வைத்து, தன் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தானே எழுதினார். எழுத்துக் கூட்டி, அவசரப்படாமல்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் வேணாம். மொத தபால்ல போடு," என்றார்.

கிளம்பும்போது, உங்களைப் பற்றித் தமிழில் ஒன்று எழுதலாம் என்றிருக்கிறேன், பத்திரிகைக்கு என்றேன்.

"எழுது. அதுல என் பேரப் போடாத."

"ஏன்க்கா? கடுதாசியில போடச் சொன்னீங்களே."

"பத்திரிகையில படிச்சா பாவம்பாங்க, நல்ல பொம்பளம்பாங்க. அதோட சரி. கடுதாசியில பேரு இருந்தா கூப்பிட்டு விசாரிக்கணும்ல? என்னைய யாராச்சும் ஒரு தடவ கூப்பிட்டு விசாரிக்கணும் தங்கச்சி."

கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. அவர் பெயர் அதில் இருக்கிறது, என் பெயருக்கு மேலே.